ரொட்டி மேல் வைத்த கை

ஸம்ஃபீரா பொய்யே சொல்லாதவள் என்று அவளைத் தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள். செம்பு அண்டா விற்கும்போது அது தன் மாமனார் கையால் தட்டியது என்பாள்; மாமனார் செத்து வெகு காலம் ஆகியிருக்கும். நகராட்சியிலிருந்து ஆள் வந்தால் புருஷன் ஊரிலேயே இல்லை என்பாள். புருஷன் துமித்ரு கொல்லையில் பழைய இரும்பைத் தரம் பிரித்துப் போடும் சத்தம் இருவர் காதிலும் விழுந்துகொண்டிருக்கும். "நான் சொல்றது பொய்யின்னா இந்த இடத்துலயே செத்துப்போறேன்" என்று ஒரே நாளில் பலமுறை செத்துப் பிழைப்பாள். அதெல்லாம் பேச்சு. சத்தியம் வேறு.

ரொட்டியின் மேல் கைவைத்து, பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லி, நாலு பேர் கேட்கும்படி சொன்னால் அது சத்தியம். அவள் வாழ்க்கையில் அப்படி இரண்டு தடவைதான் செய்திருந்தாள். முதல் தடவை, அவளுடைய அண்ணன் விற்ற குதிரை நொண்டி என்று வழக்கு வந்தபோது, ரோமா பெரியவர்கள் கூடிய பஞ்சாயத்தில். இரண்டாவது தடவை சூப்பர் மார்க்கெட்டில்.

ருமேனியாவின் தெற்குச் சமவெளியில், ஒல்ட் ஆற்றை ஒட்டிய சிறு நகரம் அது. ஜிப்ஸிகள் என்று மற்றவர்கள் அழைக்கும் ரோமாக்களின் வீடுகள் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம். ஈஸ்டருக்கு முந்தின நாள் ஸம்ஃபீரா இந்தப்பக்கம் வந்து இனிப்பு ரொட்டிக்கு மாவும் முட்டையும் வெனிலா சர்க்கரையும், கூடவே அன்றாடத்துக்கு ஒரு ரொட்டியும் எடுத்துக்கொண்டு பில் போடும் வரிசையில் நின்றாள். செக்யூரிட்டி வந்து குறுக்கே நின்றான்.

"பாவாடைய உதறு."

கணுக்காலைத் தொடும் பூப்போட்ட பாவாடை, அதற்கு மேல் ஏப்ரன். ரோமாப் பெண்ணிடம், அதுவும் ஆண்கள் நிற்கும் வரிசையில் பாவாடையை உதறச் சொல்வது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பான். ஸம்ஃபீரா ஏப்ரன் பையை வெளியே இழுத்துக் காட்டினாள். காலி. அவன் நகரவில்லை. அப்போதுதான் ரொட்டியின் மேல் கைவைத்து, தன் ஒரே மகள் லுமினிட்சாவின் பெயரைச் சொல்லி, எதையும் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். செக்யூரிட்டி சிரித்தான். வரிசையில் சிலர் சிரித்தார்கள். பில் போடுகிற தோய்னா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் விலகினான். ஸம்ஃபீரா பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த வருஷம் அவளுடைய இனிப்பு ரொட்டி உப்பவில்லை.

அடுத்த மாதம் தலைநகரிலிருந்து ஒலிம்பியா என்ற பெண் வந்தாள். ரோமா வயலின்காரர் ஒருவரின் மகள், நாடகம் படித்தவள். ரோமா மொழியைப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோலப் பேசினாள். அதற்காகவே பெண்கள் அவளிடம் பிரியமாக இருந்தார்கள். கடையில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள், அதையே நாடகமாகப் போடலாம் என்றாள். ஸம்ஃபீரா சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போதே செக்யூரிட்டியாகவும் தோய்னாவாகவும் வரிசையாகவும் மாறி மாறி நின்றாள். முடித்தபோது ஒலிம்பியா, "அக்கா, இத வேற யாரும் நடிக்க முடியாது" என்றாள்.

துமித்ருவிடம் கேட்க வேண்டியிருந்தது.

"மேடையில கால் தெரியுமா?" என்றான் அவன்.

"என் கால நீயே சரியாப் பாத்ததில்ல."

"அப்ப போ."

செக்யூரிட்டி வேஷம் துமித்ருவின் அக்கா மகன் ஃபானேவுக்கு. எத்தனையோ கடைகளிலிருந்து எத்தனையோ செக்யூரிட்டிகள் அவனை வெளியே அனுப்பியிருந்ததால் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை. சீருடையைப் போட்டதும் தோள் இரண்டும் தாமாகவே அகலமாகிவிடும். சாப்பாட்டு இடைவேளையிலும் அதைக் கழற்றமாட்டான்.

நாடகத்துக்கு ஒரு விதி உண்டு. முதலில் நடந்தது நடந்தபடி காட்டப்படும். பிறகு இன்னொரு முறை தொடக்கத்திலிருந்து. இந்த முறை கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து!" என்று கத்தலாம். கத்தியவர் மேடைக்கு வந்து, தானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று செய்துகாட்ட வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார்கள் கத்துவார்கள். வந்து நின்று, "மேனேஜரக் கூப்பிடுங்க" என்பார்கள். ஃபானே, "மேனேஜர் லீவு" என்பான். அதற்கு மேல் வாத்தியார்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

சத்தியம் செய்யும் இடத்துக்கு ஸம்ஃபீரா ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். ரொட்டி நிஜ ரொட்டியாக இருக்கட்டும், மரக்கட்டை மேல் கைவைக்க மாட்டேன். ஆனால் பெயர் என் மகள் பெயர் இல்லை.

"வேற யாரு பேரு அக்கா?"

"ரூடோல்ஃப்."

"ரூடோல்ஃப் யாரு?"

"யாரும் இல்ல. எனக்கு அப்படி ஒரு மகனே கெடையாது. அவன் சாகட்டும்."

இப்படியாக ரூடோல்ஃப் பல ஊர்களில், பல பள்ளிக்கூடக் கூடங்களில் தாயின் வாய்ச்சொல்லுக்காகத் தலையைக் கொடுக்கத் தயாராக நின்றான். அவனுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

ஜூலையில் நாடகம் அந்தச் சூப்பர் மார்க்கெட் இருக்கிற அவர்கள் ஊர் மன்றத்துக்கே வந்தது. தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஃபானே மேடைக் கடைக்கான சாமான்களைக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினான். அடுக்கியதில் ஒரு வெனிலாப் பொட்டலம் பெஞ்சின் மேல் விழுந்து கிடந்தது. பெஞ்சு உட்காருகிற இடம். பாவாடைகள் படுகிற இடத்தில் தின்கிற பொருள் கிடக்கக் கூடாது. ஸம்ஃபீரா அதைப் பார்த்தாள், ஃபானேயை ஒரு வார்த்தை திட்டினாள், எடுத்தாள். அலமாரிப் பக்கம் போவதற்குள் ஒலிம்பியா, "அக்கா, என் பேனாவப் பாத்தீங்களா? சரி விடுங்க, வாங்க, ஆரம்பிக்கணும்" என்று கூப்பிட்டாள். ஸம்ஃபீரா பொட்டலத்தை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏப்ரன் சுத்தமானது. பாவாடைக்கும் சோற்றுக்கும் நடுவில் நிற்பதுதான் அதன் வேலை. ரோமா அல்லாத பெண்ணாக இருந்தால் பெஞ்சிலேயே விட்டிருப்பாள்.

விளக்கு எரிந்தது. ஸம்ஃபீரா மேடைக்கு வந்தாள். இரண்டாவது வரிசையில் தோய்னா உட்கார்ந்திருந்தாள்.

தோய்னா ஏன் வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. இலவசம் என்பதால் இருக்கலாம். இந்த முறை அவள் நகத்தைப் பார்க்கவில்லை, ஸம்ஃபீராவைப் பார்த்தாள். ஃபானே "பாவாடைய உதறு" என்றபோது ஸம்ஃபீராவுக்கு மேடை மறந்தது. ரூடோல்ஃபும் மறந்தான். ரொட்டியின் மேல் கையை வைத்து, அன்று கடையில் சொன்னதைவிட உரக்கச் சொன்னாள்:

"நான் எடுத்திருந்தா, என் மக லுமினிட்சா வயித்துல இருக்கற புள்ள என் கைக்கு வராமப் போகட்டும்!"

லுமினிட்சா கிரயோவா நகரத்தில் இருந்தாள். அக்டோபர் கடைசியில் பிரசவம். ஈஸ்டரின்போது அந்தப் பிள்ளை விஷயம் வெளியே சொல்கிற அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒலிம்பியா அழுதாள். இப்படி ஒரு நாள் அமையவே அமையாது என்றாள்.

வீட்டுக்கு வந்து ஏப்ரனைக் கழற்றும்போது பொட்டலம் தரையில் விழுந்தது.

துமித்ரு தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "அது என்ன?"

"வெனிலா."

"எங்கேர்ந்து?"

"பையிலேர்ந்து."

அவன் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினான். "மேடையில நிக்கும்போது பையில இருந்துச்சா?"

"இருந்திருக்கு."

"ரூடோல்ஃபத்தானே சொன்னே?"

ஸம்ஃபீரா குனிந்து பொட்டலத்தை எடுத்தாள். துமித்ரு ஆட்டத்தை அணைத்தான். அவன் ஆட்டத்தை நடுவில் அணைத்து அவள் பார்த்ததில்லை.

"தெரிஞ்சா செஞ்சே? தெரியாமத்தானே."

"ரொட்டிக்குத் தெரியுமே."

தெரியாமல் செய்த பொய்ச் சத்தியத்தை இறக்கிவைக்க அவர்கள் குடும்பத்தில் ஒரு வழி இருந்தது. யார் யார் காதில் விழுந்ததோ அவர்கள் முன்னாலேயே நின்று, நடந்ததைச் சொல்லி, திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்கள் "கேட்டோம், போகட்டும்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கையால் ரொட்டி வெட்டக் கூடாது. பஞ்சாயத்தில் செய்த சத்தியம் என்றால் சுலபம். பெரியவர்கள் எல்லோரும் உறவுக்காரர்கள்.

"மன்றம் நெறைய ஆளு" என்றான் துமித்ரு. "பாதிக்கு மேல கஜோ. அவங்ககிட்டயா போயி நிக்கப்போறே?"

கஜோ என்றால் ரோமா அல்லாதவர்கள். அவர்களிடம் இதுவரை ஸம்ஃபீரா எதையும் விற்றிருக்கிறாள், வாங்கியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள். போகட்டும் என்று சொல்லுங்கள் என்று கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து துமித்ரு தானே ரொட்டியை வெட்டினான். ஒரு துண்டு செங்கல் கனம், இன்னொன்று காகித கனம். லுமினிட்சா போன் செய்தால் ஸம்ஃபீரா தக்காளி பற்றியும் மழை பற்றியும் பேசினாள். "ஏம்மா, புள்ள ஒதைக்குதான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று மகள் கேட்டபோது, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுப்பு எரியவே இல்லை.

ஒலிம்பியாவிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். பிறகு ஸம்ஃபீராவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அக்கா, அது நாடகம். நீங்க சத்தியம் பண்ணல, நாடகத்துல வர்ற பொம்பள பண்ணினா."

"அந்தப் பொம்பளைக்கு லுமினிட்சான்னு ஒரு மக இருக்காளா?"

ஒலிம்பியா தலைமுடியைக் கோதிக்கொண்டாள். "சரி. எங்கிட்ட சொல்லிட்டீங்க. நான் சொல்றேன், போகட்டும்."

"நீ மட்டுமா கேட்டே?"

"அக்கா, யோசிச்சுப் பாருங்க. அந்த மேடையில, அந்த ஊர்க்காரங்க முன்னாடி நின்னு, 'பொட்டலம் என் பையிலதான் இருந்துச்சு'ன்னு சொல்லப்போறீங்க. அவங்க என்ன சொல்வாங்க? 'பாத்தீங்களா, நாடகத்துலகூடத் திருடிட்டா'ன்னு சொல்வாங்க. நாம இத்தன ஊருல இத்தன நாளாச் சொன்னதெல்லாம் அந்த ஒரு சிரிப்புல போயிரும். நமக்காக மட்டுமா பேசறோம்? நம்ம புள்ளைங்களுக்காக."

"என் மக வயித்துல இருக்கறதும் நம்ம புள்ளதான்."

ஆனாலும் ஒலிம்பியா சொன்னது சரி என்று ஸம்ஃபீராவுக்கே தோன்றியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு காபியைக் குடித்தார்கள். கடைசியில் ஸம்ஃபீரா, இதை இறக்கிவைக்காமல் எந்த மேடையிலும் ஏறமாட்டேன் என்றாள். வேறொரு பெண்ணை வைத்து ஒலிம்பியா இரண்டு ஊர்களில் நாடகம் போட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் அழகாக அழுதாள். யாரும் "நிறுத்து" என்று கத்தவில்லை.

ஆகஸ்ட் நடுவில் மாதா திருவிழா. சந்தையும் அன்றுதான் என்பதால் ஊரே மன்றத்தைச் சுற்றி நிற்கும். நாடகம் மறுபடியும் அங்கே என்று ஒலிம்பியா அறிவித்தாள். என்ன செய்யப்போகிறாய் என்று அவள் ஸம்ஃபீராவிடம் கேட்கவில்லை, ஸம்ஃபீராவும் சொல்லவில்லை.

முன் வரிசைகளில் ரயில் பாதைக்கு அந்தப்பக்கத்துச் சனம். அவர்களுக்கு விஷயம் தெரியும். பின்னால் ஊர்க்காரர்கள். தோய்னா இந்த முறை நான்காவது வரிசை. கடைசி வரிசையில் நெலு, சந்தையில் சூரியகாந்தி விதை வறுத்து விற்பவன், மடியில் பொட்டலத்தோடு கொறித்துக்கொண்டிருந்தான்.

முதல் முறை நடந்தது நடந்தபடி. சத்தியத்தின் இடத்தில் ஸம்ஃபீரா ரொட்டியைத் தொடாமல் பேசாமல் நின்றாள். ஃபானே சிறிது காத்திருந்துவிட்டு, அவளும் சொல்லியாகிவிட்டது என்பதுபோலச் சிரித்து ஒப்பேற்றினான். இரண்டாவது முறை தொடங்கியது. ஃபானே அகன்ற தோளோடு வந்து குறுக்கே நின்றான்.

"பாவாடைய உதறு."

"நிறுத்து!"

கத்தியது ஸம்ஃபீராதான். ஃபானே அவளைப் பார்த்தான், பிறகு ஒலிம்பியாவைப் பார்த்தான். மேடையில் இருப்பவர் கத்தக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஒலிம்பியா ஒதுங்கிச் சுவரோரம் நின்றாள்.

ஸம்ஃபீரா மேடையின் விளிம்புக்கு வந்து பொட்டலத்தைக் காட்டினாள். ஏப்ரன் பைக்குள்ளேயே இத்தனை நாள் இருந்து கசங்கியிருந்தது.

"போன மாசம் நான் இங்க சத்தியம் பண்ணினது கேட்டிருப்பீங்க. அப்ப இது என் பையில இருந்துச்சு. பெஞ்சுல கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன், மறந்துட்டேன். கடையில நான் எதையும் எடுக்கல. அது அப்பவும் உண்மை, இப்பவும் உண்மை. ஆனா இங்க சொன்னது பொய்யாப்போச்சு. அதத் திருப்பி எடுத்துக்கறேன். கேட்டவங்க, கேட்டோம், போகட்டும்னு சொல்லணும்."

கடைசி வரிசையிலிருந்து, "ஆகா, கெடச்சிருச்சுய்யா சரக்கு!" என்று நெலுவின் குரல்.

சிரிப்பு பின்னாலிருந்து முன்னாலே வந்தது. ஒலிம்பியா சொன்ன அதே சிரிப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டதை ஸம்ஃபீரா பார்த்தாள். முன் வரிசைகள், "கேட்டோம், போகட்டும்" என்றன. ஸம்ஃபீரா நகரவில்லை. அவர்கள் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சிரிப்பு ஓய்வதற்குள் தோய்னா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சத்தம் போட்டது.

"நான் கேட்டேன். போகட்டும்." உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். "கடையில பண்ணினதையும் கேட்டேன். பை காலியாத்தான் இருந்துச்சு. பாத்தேன்."

அவ்வளவுதான். அவள் உட்கார்ந்து நகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். சிரிப்பு இன்னும் அங்கங்கே இருந்தது, ஆனால் யாரிடமும் நிலைக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவர் சொல்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்கள். சிலர் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் போன தடவை வந்தவர்கள் இல்லை என்பதால் ஸம்ஃபீரா தடுக்கவில்லை. வந்தவர்களை அவளுக்கு முகம் முகமாக ஞாபகம் இருந்தது.

"நெலு."

"என்ன?"

"அன்னைக்கும் அதே நாற்காலியிலதான் இருந்தே. நான் சத்தியம் பண்ணும்போதுகூடக் கொறிச்சுக்கிட்டே இருந்தே. கேட்டியா, கேக்கலையா?"

"எனக்கு ஞாபகம் இல்ல."

"விதைத் தோலக் கீழ துப்பினே. மன்றத்து வாட்ச்மேன் திட்டினாரு. ஞாபகம் வருதா?"

இப்போது கூட்டம் திரும்பி நெலுவைப் பார்த்துச் சிரித்தது. அவன் எழுந்தான். மடியிலிருந்த விதைகள் உதிர்ந்தன.

"ஏம்மா, இது என்னம்மா, போற வழியில வந்தவனப் பிடிச்சு நிறுத்தி வச்சுக்கிட்டு..."

"உன்னை உதறச் சொல்லலையே. ஒரு வார்த்தைதான் கேக்கறேன்."

நெலு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு கண்களைத் தாண்டி அதுவரை நடப்பது சுலபமாகத் தெரியவில்லை.

"கேட்டேன். போகட்டும்" என்றான். "போதுமா? போகட்டும், போகட்டும்."

"ஒரு தடவ போதும்" என்றாள் ஸம்ஃபீரா.

அவள் திரும்பித் தன் இடத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். ஃபானே அசையாமல் நின்றிருந்தான்.

"அத்தை, இப்ப நான் பாவாடைய உதறச் சொல்லணுமா, வேணாமா?"

மன்றம் முழுக்க ஒரே குரலில், முன் வரிசையும் பின் வரிசையும், "வேணாம்!" என்றது. ஃபானேயின் தோள் சுருங்கியது. அன்றைக்கு அதோடு நாடகம் முடிந்தது. அதற்கு மேல் எதை நடிப்பதென்று ஒலிம்பியாவுக்கும் தெரியவில்லை.

மாலையில் ஸம்ஃபீரா ரொட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக் கத்தியால் தன்பக்கமாக இழுத்து வெட்டினாள். துமித்ரு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கனத்தைப் பார்த்தான். முழுவதையும் தின்றான். பிறகு அவள் கிரயோவாவுக்குப் போன் போட்டு, "புள்ள ஒதைக்குதா?" என்று கேட்டாள். லுமினிட்சா வெகுநேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை சொன்ன தேதிக்குப் பிந்திப் பிறந்தது. பெண். ரூடோல்ஃப் என்ற பெயருக்கு வாய்ப்பில்லை என்று துமித்ரு சொன்னான்.

சூப்பர் மார்க்கெட்டில் செக்யூரிட்டி இப்போதும் ஸம்ஃபீராவின் பின்னாலேயேதான் நடக்கிறான். தோய்னாவும் அவளும் பேசிக்கொள்வதில்லை. ஸம்ஃபீரா அவளுடைய வரிசையில் மட்டும்தான் நிற்கிறாள், எவ்வளவு நீளமாக இருந்தாலும். சந்தையில் நெலு அந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறான் என்று கேள்வி. கேட்பவர் எந்தப்பக்கத்து ஆள் என்பதைப் பொறுத்து.

நாடகத்தில் ஒன்றுதான் மாறியது. விளக்கு எரிந்ததும் ஸம்ஃபீரா முன்னால் வந்து ஏப்ரன் பையை வெளியே இழுத்துக் காட்டுவாள். ஒலிம்பியாவுக்கு இது பிடிக்கவில்லை.

"அக்கா, யாரும் கேக்காமலே நாமளே சோதனை குடுக்கற மாதிரி இருக்கு."

"அப்ப எல்லாரும் காட்டுங்க" என்றாள் ஸம்ஃபீரா. "செக்யூரிட்டியும்."

முதல் நாள் எல்லோரும் வரிசையாக நின்று பைகளை வெளியே இழுத்தார்கள். ஃபானே மட்டும் தயங்கினான். சீருடைக்காரனிடம் பையைக் காட்டு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஸம்ஃபீரா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் இழுத்தான். தீப்பெட்டி, கொஞ்சம் விதைத் தோல், பிறகு ஒலிம்பியா கோடை முழுக்கத் தேடிக்கொண்டிருந்த பேனா.